அம்மாவுக்குப் பதிலாக நான் சொன்ன ஆறு நிமிஷம்

என் அம்மா பிழைப்பது கடினம் என்பதை நானே ஒரு காகிதத்தில் வரைந்து, கணக்குப் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் முழுவதும் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன். ஆண்டவரை நேசிக்கிற என் சகோதரிகளே, சகோதரர்களே, அந்த ஒரு வாரத்தில் அவர் என்னை எங்கிருந்து எங்கே கொண்டுவந்தார் என்பதை மனதுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கிரேஸ். ஊர் கவரைப்பேட்டை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். நைனாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டுதான். இருவரும் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் நைனா ஓர் இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றப் போனார். அம்மா அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பயிற்சி முடித்து, திருவள்ளூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பரிசோதனை அறையில் வேலைக்கு அமர்ந்தேன். வெள்ளைக் கோட்டு. கையில் கடிகாரம். எங்கள் தெருவில் கடிகாரம் கட்டிய முதல் பெண் நான்தான். அந்தப் பெருமையை நான் ஒளிக்கப்போவதில்லை. இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது என் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது.

எழுபத்து நான்காம் வருஷம் தொடக்கத்திலிருந்தே அம்மா கரைந்துகொண்டு வந்தாள். மாதம் ஒரு முறை நான் ஊருக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் அம்மாவில் கொஞ்சம் குறைந்திருக்கும். ரவிக்கை தோளில் நிற்காது. கன்னம் உள்ளே போய்விட்டது. கை நடுக்கம் வந்தது. நெஞ்சு படபடக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கழுத்தில் சின்ன வயதிலிருந்தே ஒரு சிறு வீக்கம் உண்டு. உடம்பு மெலிந்ததால் அது இப்போது எடுப்பாகத் தெரிந்தது.

ஜூலையில் நான் போனபோது நைனா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“உங்கம்மா கையி தந்தி ஆபீசு மாரி அடிச்சுக்கினே கீது கிரேசு. தொடப்பத்த புடிச்சா தொடப்பம் ஆடுது. கேட்டா ஒண்ணுமில்லன்றா. படிச்ச பொண்ணாச்சே, நீ இன்னான்னு பாரும்மா.”

“ஒனக்கு வேற வேலையில்ல,” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. “பஸ்ல வந்த பொண்ண ஒக்கார வுடாம இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?”

சொல்லும்போதே அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு தளும்பியது. படிச்ச பொண்ணு என்ற சொல் என் காதில் இனித்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் சபைப் பெண்கள் பலருக்கும் அது உண்டு. நடவு நட்ட காலத்திலிருந்து வந்தது. வயலில் குனிந்து நாற்று ஊன்றும்போது ஒவ்வொரு குத்துக்கும் ஆண்டவருக்குத் துதியாக ஒரு ‘தோத்ரம்’ சொல்வார்கள். மூச்சு வெளியே போகும்போது அந்தச் சொல்லும் சேர்ந்து போகும். அதனால் எல்லார் கையும் ஒரே தாளத்தில் போகும், இடுப்பு வலியும் தெரியாது என்பார்கள். வயலை விட்டு வந்த பிறகும் அந்தச் சொல் அவர்களை விடவில்லை. அம்மா கூட்டும்போது சொல்வாள், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சொல்வாள். சத்தம் வராது. உதடு அசைவதும் தெரியாது. பக்கத்தில் இருந்தால் மட்டும், வைக்கோலில் காற்று போவது மாதிரி ஒரு சின்ன ஒலி கேட்கும்.

எனக்கு அது வெட்கமாக இருந்தது. ஊத்துக்கோட்டையில் வேறு பஸ் மாறி உட்கார்ந்ததும் அம்மாவிடம், “எல்லாரும் பாக்கறாங்க. வாயை மூடிக்கினு ஜெபம் பண்ணக் கூடாதா?” என்றேன். அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து வாயோரம் மறைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதெல்லாம் நான் கோயிலுக்குப் போவேன், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எல்லாரையும்விடத் தெளிவாகப் பாடுவேன். ஆனால் மனதால் ஒரு வார்த்தை ஜெபித்து இரண்டு வருஷமாகியிருந்தது.

எங்கள் டாக்டரம்மா நாடியைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது.

“பசி எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

“நல்லா பசிக்குதும்மா. எந்நேரமும் பசி,” என்றாள் அம்மா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பசி எடுக்கிறது, ஆனாலும் உடம்பு இளைக்கிறது, நடுக்கம், படபடப்பு, கழுத்தில் வீக்கம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்து உடம்பை வேகமாக எரிக்கிறது என்பதற்கு இதெல்லாம் அடையாளம். “நாளைக் காலை உன் அறையில் பார்த்துவிடுவோம். உனக்குக் கஷ்டமாக இருந்தால் வேறு யாரையாவது செய்யச் சொல்கிறேன்,” என்றார்.

“வேண்டாம் டாக்டர். நானே செய்கிறேன்,” என்றேன்.

என் அறையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். அங்கே இருக்கும் கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். ஆஸ்பத்திரியில் எல்லாரும் மூச்சுப் பெட்டி என்பார்கள். தண்ணீர் நிறைந்த ஒரு தொட்டி, அதில் கவிழ்த்த அண்டாவைப் போல மிதக்கும் ஓர் உலோக மணி. மணிக்குள் ஆக்ஸிஜன் நிரப்புவோம். நோயாளி இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்து, அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு மூக்கைக் கிளிப்பால் மூடி, வாயில் ரப்பர்க் குழாயைப் பொருத்துவோம். மணிக்குள் இருக்கும் ஆக்ஸிஜனைத்தான் அவர் உள்ளே இழுப்பார். வெளிவிடும் மூச்சும் மணிக்கே திரும்பி வரும். வழியில் இருக்கும் சுண்ணாம்புக் குருணை அதிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே உடம்பு எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறதோ அவ்வளவுக்கு மணி மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கும். மணி இறங்க இறங்க, அதைத் தொங்கவிட்ட கப்பிக் கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பேனா ஏறும். சுற்றும் உருளையில் ஒட்டிய காகிதத்தில் அது அலை அலையாக ஒரு மேட்டை வரையும். மேடு செங்குத்தாக இருந்தால் உடம்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சாய்வாக இருந்தால் நிதானமாக இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு அந்த அறைக்குள் வந்தால் குளத்தின் அடியில் நிற்பதுபோல இருக்கும். ஜன்னலுக்குப் பச்சைத் திரை. தொட்டித் தண்ணீரின் வெளிச்சம் மேல்கூரையில் நெளியும். உருளை சுற்றும் சின்ன ஓசையும் ஒரு மனிதரின் மூச்சும் மட்டுந்தான். எத்தனையோ பேரின் மூச்சு அந்தக் காகிதத்தில் மலைத்தொடராக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க எனக்கே தூக்கம் போல ஒரு மயக்கம் வரும். இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு மொழியைப் படிப்பது போன்ற மயக்கம் அது.

வழக்கப்படி அந்த அறையில் இரண்டு பேர் நிற்போம். நான் பேனாவைப் பார்ப்பேன். ஆயா பங்கஜம் நோயாளியின் முகத்தைப் பார்ப்பாள். வாயோரத்தில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. குமிழி வந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். அன்று நான் பங்கஜத்தை அனுப்பிவிட்டேன்.

“நீ போய் நாஷ்டா சாப்பிட்டு வா பங்கஜம். நானே பாத்துக்கறேன்.”

“ஆத்தாடி, இன்னிக்கு இன்னா மழை கொட்டப்போவுது? என்னிக்குமில்லாம எங்க டெக்னீசியனம்மா நாஷ்டாவுக்கு அனுப்புது,” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

காரணம் வேறு ஒன்றுமில்லை. கிழிந்த புடவையோடு கட்டிலில் படுத்திருந்தவள் என் அம்மா என்று பங்கஜத்துக்குத் தெரியக் கூடாது. டாக்டரம்மாவைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. சீட்டில் ‘ஞானம்மா, கவரைப்பேட்டை’ என்று மட்டும் எழுதியிருந்தேன்.

குழாயை வாயில் வைக்கும் முன் அம்மாவிடம் சொன்னேன். “அசையக் கூடாது. பேசக் கூடாது. ஆறு நிமிஷம்.”

அம்மா கண்ணால் சரி என்றாள். நான் பேனாவின் பக்கம் போய் நின்றேன். முகத்தைப் பார்க்க யாருமில்லை.

பேனா ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நான் பார்த்த மேடுகளிலேயே செங்குத்தான மேடு. கசிவு இருந்தால் கோடு கோணல்மாணலாகப் போகும், பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இது அடிக்கோல் வைத்து வரைந்ததுபோல நேராக ஏறியது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் எடுத்தேன். அதே மேடு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது இயல்பைவிட ஏறக்குறைய பாதி அதிகம் வந்தது. என் அம்மா படுத்தபடியே எரிந்துகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதே எனக்குப் பயமாக இருந்தது.

“இது இப்படியே போனால் இருதயம் தாங்காது. ஆபரேஷன்தான் வழி. ஆனால் இவ்வளவு மெலிந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்றும் சொல்ல முடியவில்லை கிரேஸ். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து வார்டில் சேரட்டும். பத்து நாள் சொட்டு மருந்து கொடுத்து, மெட்ராசுக்கு அனுப்புவோம். இந்த ஒரு வாரம் நீயும் வீட்டில் அவர்களோடு இரு.”

இந்த ஒரு வாரம் அவர்களோடு இரு என்று ஏன் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

வெளியே பெஞ்சில் அம்மா காத்திருந்தாள். “இன்னாடி சொன்னாங்க? ஒன் மிஷினு எனக்கு மார்க்கு போட்டுச்சா?” என்றாள்.

“போட்டுச்சு,” என்றேன்.

“பாஸா?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வாரத்தை எனக்கு வரிசையாக நினைவுபடுத்த முடியவில்லை. எல்லாம் தண்ணீர் வழியாகப் பார்த்தது போலத்தான் இருக்கிறது. நைனாவிடம் சொன்னபோது அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் அம்மாவின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் அவள் கண்ணயர்ந்தால் அவள் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவேன். கண்ணை மூடினால் மணி தண்ணீருக்குள் இறங்கும், பேனா ஏறும், காகிதம் முடியும் இடத்தில் வெறும் வெள்ளை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தனியாக ஆரணியாற்றுக்குப் போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காற்று அடித்து அடித்து மணல் முழுவதும் வரிவரியாக அலை பதிந்திருந்தது. எனக்கு அது ஒரு பெரிய காகிதமாகத் தெரிந்தது. எவருடைய மூச்சோ அதில் எழுதிப் போயிருக்கிறது. நான் படித்த மொழிதான். ஆனால் இதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. அந்த மணலிலேயே முழங்காற்படியிட்டேன்.

அழகான ஜெபம் ஒன்றும் எனக்கு வரவில்லை. பாட்டுப் புத்தகத்தில் இருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. “ஆண்டவரே, அம்மாவை எடுத்துக்கொள்ளாதேயும்” என்றேன். அதையே பலமுறை சொன்னேன். பிறகு, ஏன் என்று தெரியாமல், “எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காட்டும்” என்றேன். அதைச் சொல்லி முடித்ததும் அழுகை நின்றுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் மெதுவாகப் போனது. அது மறையும்வரை மணலில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. அம்மா அப்படியேதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜெபக்கொட்டகைக்குப் போனோம். கீற்றுக் கூரை, பாய் விரித்த தரை. எப்போதும் முன்வரிசையில் உட்காருகிற நான் அன்று அம்மாவின் பக்கத்திலேயே பின்னால் உட்கார்ந்தேன். பிரசங்கத்துக்கு முன் மௌன ஜெபம். எல்லாரும் தலை குனிந்தார்கள். கூரை இடுக்கு வழியாக ஒரு வெளிச்சக் கீற்று அம்மாவின் முகத்தில் விழுந்திருந்தது. நான் கண்ணை மூடவில்லை. இன்னும் எத்தனை ஞாயிறு இந்த முகம் என் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், பல வருஷங்களுக்குப் பிறகு அன்றுதான் அம்மாவின் முகத்தை முழுதாகப் பார்த்தேன்.

முந்தானை அவள் வாயோரத்தில் மடிந்து கிடந்தது. வாய் மூடியே இருந்தது. ஆனால் முந்தானையின் அந்த நுனி மட்டும் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. ஒவ்வொரு மூச்சு வெளியே போகும்போதும், ஒரே அளவு, ஒரே இடம். வலது வாயோரம் நூலளவுக்குத் திறந்து மூடியது. தோத்ரம். தோத்ரம். தோத்ரம்.

காற்று போகிறது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காற்று போகிறது! மணிக்குத் திரும்பி வரவேண்டிய மூச்சில் ஒரு பங்கு அந்த வாயோரமாக வெளியே போயிருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஒரே அளவு போனதால்தான் கோடு கோணாமல் நேராக ஏறியது. அது அம்மாவின் உடம்பு செலவழித்த ஆக்ஸிஜன் இல்லை. அது அவள் துதி.

கொட்டகையில் இருப்பதை மறந்து நான் சத்தமாக அழுதேன், சிரிக்கவும் செய்தேன். ஆவியானவர் இறங்கினார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவர்கள் நினைத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

வெளியே வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்தேன். “அன்னிக்கு மிஷின்ல படுத்துக்கினு இருந்தப்போ தோத்ரம் சொன்னியாம்மா?”

“சொல்லாம? கொழாய வாயில வெச்சா ஆண்டவர மறந்துடணுமா?”

“பேசக் கூடாதுன்னு சொன்னேனே!”

“நா எங்கடி பேசுனேன்? வாயோரமா மூச்சு வுட்டுக்கினு சொன்னேன். ஒனக்குத்தான் நா சொல்றது கேட்டா புடிக்காதே. கேக்காத மாரிதான சொன்னேன்?”

பஸ்ஸில் நான் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை வார்டில் சேரும் நாள். திங்கட்கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பங்கஜத்தை அனுப்பிவிட்டதை, முகத்தைப் பார்க்காததை, ஏன் அனுப்பினேன் என்பதையும். இதைச் சொல்லும்போது என் வேலை போகும் என்றே நினைத்தேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “என்னிடம் சொல்லிவிட்டாய். பங்கஜத்திடமும் சொல்லிவிடு. நாளைக் காலை மறுபடி எடு,” என்றார்.

பங்கஜத்திடம் சொன்னபோது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “இத்த சொல்லத்தான் இத்தன நாளா? எனக்குத் தெரியாதா? அந்தம்மா மூக்கும் ஒன் மூக்கும் ஒரே அச்சுல வார்த்தது. கிளிப்பு மாட்டும்போதே பாத்துக்கினேன். பெத்தவள யாருன்னு சொல்ல ஒரு வாரம் ரோசன பண்ற ஆளு நீதாம்மா.”

அது எனக்கு வேண்டியதுதான். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா கட்டிலில் படுத்ததும் பிரச்சினை வந்தது. அம்மாவால் முடியவில்லை. முதல் தடவை இரண்டு நிமிஷத்தில் பங்கஜம், “குமிழி வருது, குமிழி வருது!” என்றாள். இரண்டாவது தடவையும் அதேதான். அம்மா குழாயை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

“என்னால முடியாது கிரேசு. அது தானா வருது. நா சொல்லல, மூச்சு சொல்லுது. முப்பது வருசமா சொல்லிச் சொல்லி… நிறுத்துனா நெஞ்ச அடைக்குது. அவரு பேர சொல்லாம மூச்சு வுட்டா தப்பு பண்ற மாரி கீது.”

நான் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலில் பச்சைத் திரை அசைந்தது. கூரையில் தண்ணீர் வெளிச்சம் நெளிந்தது. அப்போது என் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வந்தன. நான் யோசித்துச் சொன்னவை இல்லை.

“நீ வாய மூடிக்கோம்மா. ஆறு நிமிஷம் ஒனக்குப் பதிலா நா சொல்றேன்.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. மெல்லப் படுத்துக்கொண்டாள். குழாயை வைத்தேன். கிளிப்பை மாட்டினேன். பங்கஜம் நுரை தடவினாள். உருளை சுற்றத் தொடங்கியது.

அம்மாவின் மார்பு ஏறி இறங்கியது. நான் சொன்னேன்: “தோத்ரம்.”

மறுபடி இறங்கியது. “தோத்ரம்.”

முதலில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பங்கஜத்தின் முன்னால், வெள்ளைக் கோட்டோடு, கையில் கடிகாரத்தோடு. பத்துப் பன்னிரண்டு மூச்சுக்குப் பிறகு அந்த வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மாவின் மூச்சும் என் சொல்லும் ஒன்றாகப் போயின. அறை கரைந்தது. முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருக்கிறார்கள், பச்சை நாற்று ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது, நானும் ஒரு வரிசையில் இருக்கிறேன். நான் ஒருநாளும் நடவு நட்டதில்லை. என்னை நட விடாமல் படிக்க அனுப்பியவள் கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் முகத்தில் நுரை உடையாமல் வெள்ளையாக இருந்தது.

“ஒரு குமிழி இல்ல,” என்றாள் பங்கஜம் மெதுவாக.

ஆறு நிமிஷம் முடிந்தது. நான்தான் நிறுத்த மறந்தேன். பங்கஜம் என் தோளைத் தொட்டாள். அப்புறம்தான் காகிதத்தைப் பார்த்தேன்.

செங்குத்தான மேடு இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கரை போலத் தாழ்ந்து, நீண்டு, மெல்லச் சாய்ந்த ஒரு கோடு. கணக்குப் போட்டேன். இயல்பைவிட அதிகம் இல்லை. இயல்பைவிடக் குறைவு!

டாக்டரம்மா காகிதத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “இது சுரப்பி நோய் இல்லை,” என்றார். “ஞானம்மா, இது பட்டினி கிடக்கிற உடம்பு. நெருப்பைத் தணித்துவைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிற உடம்பு. உண்மையைச் சொல்லுங்கள். சாப்பிடுகிறீர்களா?”

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை வேளை?”

“ஒரு வேளைம்மா,” என்றாள் அம்மா. “சாயங்காலம். புதன், வெள்ளி அதுவும் இல்ல. டீ குடிப்பேன். பாலு போடாத டீ. வேல செய்யணும் இல்ல, அதான் நாலஞ்சு தபா ஸ்ட்ராங்கா போட்டுக் குடிச்சுடுவேன்.”

வெறும் வயிற்றில் அந்தக் கறுப்பு டீ. அதன்மேல் நாள் முழுவதும் கம்பெனி வேலை. நடுக்கமும் படபடப்பும் எங்கிருந்து வந்தன என்று எனக்கே புரிந்தது. மத்தியானச் சோற்றைக் கம்பெனியில் கூட வேலை செய்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவாளாம். உபவாசம் வெளியே தெரியக் கூடாது என்று நைனாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வாரம் நான் கேட்டபோதும் முன்னமே சாப்பிட்டுவிட்டதாகத்தான் சொன்னாள்; மூச்சையே எண்ணிக்கொண்டிருந்த நான் அவள் தட்டைப் பார்க்கவில்லை. வருஷம் பிறந்ததிலிருந்து, ஏழு மாதம்.

“எதுக்கும்மா?” என்றேன். “எதுக்கு இப்படி?”

அம்மா என்னைப் பார்க்காமல் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நீ நல்லா படிச்ச. எனக்கு அதுல பெருமதான். ஆனா ஒன் வாயி பாடுது, ஒன் மனசு எங்கயோ கீதுன்னு எனக்குத் தெரியும். ஒன் வாயிலருந்து ஒரே ஒரு தோத்ரம், மனசோட, நா கேக்கணும்னு பொருத்தன பண்ணிக்கினேன். கேக்கறவரைக்கும் ஒரு வேளதான்னு. வேற ஒண்ணுமில்ல.”

டாக்டரம்மா திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பங்கஜம்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னிக்கி ஒண்ணா கேட்ட? நூறு கேட்டியே! பொருத்தன முடிஞ்சுது எழுந்திரு. நா போய் இட்லி வாங்கினு வரேன்,” என்று ஓடினாள்.

அன்று காலை, நோயாளி மூச்சு விடும் கட்டிலிலேயே உட்கார்ந்து அம்மா நான்கு இட்லி சாப்பிட்டாள். நான் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேன். கை நடுங்கியதால் இல்லை. எனக்குக் கொடுக்கத் தோன்றியதால்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. மறுநாளும் ஒரு முறை பார்க்கச் சொன்னார். அதே தாழ்ந்த கோடு. டீயைக் குறைத்து, மூன்று வேளையும் சாப்பிட்டு, சத்து மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். ஆறு வாரத்தில் நடுக்கம் நின்றது. கிறிஸ்துமசுக்குள் பழைய ரவிக்கை பற்றாமல் புதிது தைத்துப் போடவேண்டி வந்தது. கழுத்து வீக்கம் எப்போதும் இருந்தபடியே இருக்கிறது. அதனால் ஒரு தொல்லையும் இல்லை. மெட்ராசுக்குப் போகவே இல்லை.

சகோதரிகளே, யாருடைய ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆற்று மணலில் நான் கேட்டதற்கு ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. ஆனால் எனக்கு முன்பாகவே ஏழு மாதமாக ஒருத்தி எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஜெபங்களையும் அவர் ஒரே காலையில், ஒரே அறையில் வைத்துச் சந்தித்தார். தவறு செய்தவள் நான். அந்தத் தவறை வைத்தே எனக்குக் காட்டினார். அதற்காக அவரை என்ன சொல்லிப் புகழ்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது என் அறைக்கு வரும் எந்த நோயாளியையும் நான் முகம் பார்க்காமல் படுக்க வைப்பதில்லை. எந்த ஊர், வீட்டில் யார் யார், சாப்பிட்டது என்ன என்று கேட்டுவிட்டே கருவியைத் தொடுகிறேன். வேலைக்கு முன் ஜெபிக்கிறேன், வாய்விட்டே. உபவாசம் இருக்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் உடம்பும் அவர் கொடுத்ததுதான். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு இருங்கள்.

நம்பிக்கை தளர்ந்து, கேட்டது கேட்டபடியே கிடக்கிறது என்று இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்னும் ஒரு முறை கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. கவரைப்பேட்டைப் பக்கம் வந்தால் எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம். ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும். அம்மா உங்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டாள். உங்களோடு உட்கார்ந்து அவளும் சாப்பிடுவாள்.